கும்மட்டத்துக்கு எத்தனை வாளி கலவை?

நம் வீடுகளில் சில கணக்குகளுக்குத் தாளும் பேனாவும் தேவைப்படுவதில்லை. 300 பேர் வரும் திருமணத்துக்கு எத்தனை கிலோ அரிசி என்று கேட்டால், சமையல்காரர் வெற்றிலையை மென்றுகொண்டே சொல்லிவிடுவார். இத்தனை அடி இடுப்புக்கும் உயரத்துக்கும் எத்தனை மீட்டர் துணி என்று தையல்கார அக்காவுக்குப் பார்வையிலேயே தெரியும். “எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டால்தான் தடுமாறுவார்கள். “எல்லாம் ஒரு கணக்குத்தான்” என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்படி ஒரு கணக்கை இந்த ஆண்டு எங்கள் வீட்டில் பிரித்துப் பார்த்தோம். ரொட்டி சுடும் செங்கல் அடுப்பின் கும்மட்டத்துக்கு எவ்வளவு கலவை வேண்டும் என்பதுதான் அது. அப்பா சொன்ன பதில் இரண்டே சொல்: “அஞ்சு வாளி.”

அடுப்பு என் அக்காவுக்காக. 14 ஆண்டுகள் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆட்குறைப்பில் வேலை போனது. கிடைத்த இழப்பீட்டில் வீட்டுக் கடனுக்கும் பிள்ளை படிப்புக்கும் ஒதுக்கியது போக 4,000 ரிங்கிட்டைத் தனியாக எடுத்து வைத்தார். அக்கா நன்றாக ரொட்டி சுடுவார். வீட்டில் இருக்கும் சின்ன மின் அடுப்பில் ஒரு முறைக்கு இரண்டு ரொட்டிதான் வேகும். காப்பார்ப் பக்கம் இருக்கும் எங்கள் கம்பத்து வீட்டின் பின்னால் இடம் உண்டு. அங்கே ஒரு விறகடுப்புக் கட்டினால் மொத்தமாகச் சுட்டு விற்கலாம் என்பது அவரது திட்டம். உணவு கையாள்வோருக்கான பயிற்சியை முடித்து, டைபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொண்டுதான் பேச்சையே எடுத்தார்.

அப்பா கொத்தனார். 35 ஆண்டு வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதத்தில் வலது கை பலம் இழந்தது. பேச்சும் மெதுவாகிவிட்டது. அதற்குப் பிறகு அவரிடம் யாரும் வேலை பற்றி எதுவும் கேட்பதில்லை. மருந்து சாப்பிட்டாச்சா, தூங்கினீங்களா என்று மட்டும்தான் கேட்பார்கள். அவரும் முன்பே வீட்டில் வேலைக் கதை பேசாதவர். “உங்க கையில சிமெண்டு படக்கூடாதுன்னுதான் படிக்க வெச்சேன்” என்பார், அவ்வளவுதான். அக்கா கணக்குப் படித்தார். நான் ஊடகவியல் படித்து வானொலிக்கு வந்தேன். எங்கள் இருவர் கையிலும் சிமெண்டு பட்டதில்லை.

அடுப்பின் அளவைக் குறித்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனோம். உள்விட்டம் 90 செண்டிமீட்டர். தீச்செங்கல் வாங்க வேண்டும். வழக்கமான அளவு 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், இரண்டரை அங்குல கனம். அதற்கென்று தயாராக வரும் வெப்பம் தாங்கும் கலவை 25 கிலோ மூட்டைகளில் இருந்தது. சாதாரண சிமெண்டைவிடப் பல மடங்கு விலை. கடைக்காரர், “100 கல்லுக்கு ஒரு மூட்டை போதும்மா, உங்களுக்கு ஒண்ணே தாராளம்” என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னோம். அவர் தலையை ஆட்டினார். “அது சுவருக்கு. இது கும்மட்டம். அஞ்சு வாளி.”

ஒரு மூட்டைக் கலவையைக் கரைத்தால் 10 லிட்டர் வாளியில் ஒன்றரை வாளிகூட வராது. ஒன்றரை வாளிக்கும் ஐந்து வாளிக்கும் உள்ள வித்தியாசம், அக்காவின் 4,000 ரிங்கிட்டில் பெரிய வித்தியாசம். வேலை பாதியில் நின்று, மீண்டும் கடைக்கு ஓடி, அதற்குள் போட்ட வரிசை காய்ந்துபோனால் அதுவும் செலவு. இருவரில் யார் சொல்வது சரி என்பதைக் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அப்பாவிடம் காரணம் கேட்டேன். சொற்களைத் தேடினார். கிடைக்கவில்லை. இடது கையால் மேசையில் இருந்த இரண்டு தீப்பெட்டிகளை எடுத்தார். இரண்டையும் அகலப் பக்கம் ஒட்டி நிறுத்தினார். இது சுவர். பிறகு கீழ்முனைகள் தொட்டுக்கொண்டிருக்க, மேல்முனைகளை விரித்தார். இரண்டுக்கும் நடுவில் முக்கோணமாக ஓர் இடைவெளி திறந்தது. அந்த இடைவெளியைச் சுட்டுவிரலால் தட்டினார்.

எனக்குப் பிடிபட்டது. படிவம் மூன்றில் படிக்கும் அக்கா மகளை அழைத்தேன். கோளத்தின் பரப்பும் கன அளவும் அவள் பள்ளியில் படித்தவை. மூவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம்.

கணக்கு இப்படிப் போனது. கும்மட்டம் என்பது பாதிக் கோளம். உள் ஆரம் 45 செண்டிமீட்டர். செங்கல்லைப் பாதியாக வெட்டி, நாலரை அங்குலம் ஆழமாகப் போகும்படி வைப்பார்கள். ஆகவே சுவரின் கனம் 11.4 செண்டிமீட்டர். வெளி ஆரம் 56.4. உள்பக்கப் பரப்பு ஏறக்குறைய 12,700 சதுர செண்டிமீட்டர். வெளிப்பக்கப் பரப்பு ஏறக்குறைய 20,000. ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் செங்கல்லுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு. உள்ளே நெருக்கமாக ஒட்டி நிற்கும் கற்கள், வெளியே விலகித்தான் ஆக வேண்டும். அந்த விலகலை எதனால் நிரப்புவது? கலவையால்தான்.

“சித்தி, அப்போ மொத்தத்துலேர்ந்து கல்லைக் கழிச்சா கலவை வந்துடும்ல?” என்றாள் அவள். அதுதான் வழி. வானொலியில் ஒரு மணி நேர நிகழ்ச்சியை நாங்களும் அப்படித்தான் போடுகிறோம். 60 நிமிடத்தில் செய்தி, விளம்பரம், பாடல்கள் போக மிஞ்சுவதுதான் நாங்கள் பேசும் நேரம்.

கும்மட்ட ஓட்டின் மொத்தக் கன அளவு 185 லிட்டர். அடுப்பின் வாய்க்கு ஒரு பகுதியைக் கழிக்க வேண்டும். வாயின் உயரம் உள் உயரத்தில் 63 விழுக்காடு அளவில் இருந்தால் புகையும் வெளியேறும், சூடும் தங்கும் என்பது அடுப்புக் கட்டுவோர் பின்பற்றும் வழக்கம். அதன்படி எங்கள் வாயின் உயரம் 28 செண்டிமீட்டர். அதற்காக 17 லிட்டரைக் கழித்தோம். மீதி 168 லிட்டர்.

இனி கல். வாய் போக உள்பரப்பு 11,500 சதுர செண்டிமீட்டர். உள்பக்கச் சந்து 3 மில்லிமீட்டர் என்று வைத்தால், ஒரு பாதிக்கல் தன் சந்தோடு 78 சதுர செண்டிமீட்டரை அடைக்கும். வகுத்தால் 147 பாதிக்கல், அதாவது 74 முழுக்கல். ஒரு பாதிக்கல்லின் கன அளவு 830 கன செண்டிமீட்டர். 147 பாதிக்கல்லும் சேர்ந்து 122 லிட்டர்.

168-இலிருந்து 122 போனால் 46.

அவள் கணிப்பொறியைத் திருப்பித் தாத்தாவிடம் காட்டினாள். 46 லிட்டர். கலக்கும்போது சிந்துவது, சட்டியில் ஒட்டுவது, காய்ந்து வீணாவது எல்லாம் சேர்த்தால் 50. பத்து லிட்டர் வாளியில் ஐந்து.

அப்பா வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்ளோ வருஷமா கண்ணுல இருந்துச்சு. இதுதானா?” என்றார். பிறகு, “எனக்கும் ஒண்ணு எழுதிக் குடும்மா” என்று பேத்தியிடம் கேட்டார். அவள் எழுதிக் கொடுத்த தாள் இப்போது அவரது மருந்துப் பெட்டிக்குள் இருக்கிறது.

கடைக்காரர் சொன்னதும் தவறான கணக்கு இல்லை. ஒவ்வொரு கல்லையும் ஆப்பு வடிவத்தில் சரித்து வெட்டி, முன்னும் பின்னும் ஒரே 3 மில்லிமீட்டர் சந்து விட்டுக் கட்டினால், கலவை வெறும் 12 லிட்டர் போதும். ஒரு மூட்டைக்குள் அடங்கிவிடும். ஆனால் அத்தனை கல்லையும் நான்கு பக்கம் சரித்து வெட்ட வைரத்தகடு பூட்டிய இயந்திரம் வேண்டும். வாடகை, தகடு, நாட்கள், தூசி எல்லாம் கூடும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. கலவையில் மிச்சம் பிடிப்பதை வெட்டுக்கூலியில் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரே அடுப்புக்கு 12 லிட்டரும் சரி, 46 லிட்டரும் சரி. எப்படிக் கட்டப் போகிறோம் என்று தெரியாமல் எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது.

அப்பாவுக்கு மூன்றாவது வழி ஒன்று இருந்தது. கல்லைப் பாதியாக வெட்டும்போது உடைந்து விழும் சில்லுகளை எறியக்கூடாது என்றார். பின்பக்க முக்கோண இடைவெளியில் கலவையோடு அந்தச் சில்லுகளையும் செருக வேண்டும். கனமான கலவைச் சந்து காயும்போது சுருங்கும். சுருங்கினால் வெடிக்கும். சில்லு சுருங்காது. “கலவை ஒட்டுறதுக்குத்தான், அடைக்கிறதுக்கு இல்ல” என்றார். என் நிகழ்ச்சித் தயாரிப்பாளரிடம் இதைச் சொன்னேன். அறிவிப்பாளர் அறையில் எழுதி ஒட்டலாம் என்றார்.

அடுத்த கேள்வி, எதைக் கலப்பது. வெறும் மணலும் சிமெண்டும் இந்த வேலைக்கு ஆகாது. சாதாரண போர்ட்லேண்டு சிமெண்டைக் கெட்டியாக வைத்திருக்கும் பொருள்களில் ஒரு பகுதி 400 முதல் 500 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சிதையத் தொடங்கும். விறகடுப்பின் உள்பக்கம் அந்தச் சூட்டை எளிதில் தொட்டுவிடும். தயார் மூட்டைகள் நான்கு வாங்கக் கையிருப்பு இடம் தரவில்லை. எனவே உலகெங்கும் வீட்டு அடுப்புக் கட்டுவோர் பயன்படுத்தும் கலவையை எடுத்துக்கொண்டோம். நைஸ் மணல் 3 பங்கு, சிமெண்டு 1 பங்கு, சுண்ணாம்புத் தூள் 1 பங்கு, தீக்களிமண் தூள் 1 பங்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. சிமெண்டு முதல் சில நாள் கல்லைப் பிடித்து நிற்கும். சுண்ணாம்பு கலவையை வழுவழுப்பாக்கி, சிமெண்டு தளரும்போது கைகொடுக்கும். களிமண் சூட்டைத் தாங்கும். மணல் சுருக்கத்தைக் குறைக்கும்.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு படி. 50 லிட்டர் ஈரக்கலவைக்கு 50 லிட்டர் உலர்பொருள் போதாது. தண்ணீர் பட்டதும் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்று வெளியேறி, சிறுதுகள் பெருந்துகளின் இடுக்கில் புகுந்துகொள்ளும். அதனால் கொத்துவேலையில் உலர் அளவை 1.3 மடங்காக எடுப்பது வழக்கம். 50 லிட்டருக்கு 65 லிட்டர். ஆறு பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 11 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக மணல் 33 லிட்டர், சிமெண்டு, சுண்ணாம்பு, தீக்களிமண் தலா 11 லிட்டர். 11 லிட்டர் சிமெண்டு 16 கிலோ இருக்கும். 50 கிலோ மூட்டையில் மூன்றில் ஒரு பகுதிதான். கல் மட்டும் தரைக்கும் வாய் வளைவுக்கும் உடைசலுக்கும் சேர்த்து 120 வாங்கினோம்.

பட்டியலை எழுதி முடித்தபோது அப்பா பழைய கதை ஒன்றைச் சொன்னார். அவர் வேலை செய்த காலத்தில் ஒரு குத்தகையாளர், புதிய வேலைக்கு விலை கொடுப்பதற்கு முன் இவரைத்தான் அழைத்துப் போவாராம். இடத்தைச் சுற்றிக் காட்டி, எத்தனை கல், எத்தனை மூட்டை, எத்தனை லோரி மணல் என்று கேட்பாராம். இவர் சொல்வதை எழுதிக்கொண்டு போவாராம். அதற்குத் தனிக் கூலி கிடையாது. அன்று பாதி நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். “ஒரு தடவையும் மூட்டை மிஞ்சினதில்ல, பத்தாம போனதும் இல்ல” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் மனத்தாங்கல் இல்லை. பெருமைதான் இருந்தது. மனத்தாங்கல் எனக்குத்தான்.

கோலாலம்பூரில் நம்மவர்கள் அதிகம் புழங்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் வழியாகத்தான் நான் பல நாள் வேலைக்குப் போகிறேன். பெயரிலேயே செங்கல் இருக்கிறது. 1881-இல் தீயிலும் வெள்ளத்திலும் மரவீடுகள் அழிந்த பிறகு, நகரத்தைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் ஆணையிட்டார். அந்தச் செங்கல்லுக்கான சூளைகள் எழுந்த இடம் அது. சுவெட்டன்ஹாமின் பெயரும் சூளை வைத்த காப்பித்தான் யாப் குவான் செங்கின் பெயரும் வரலாற்றில் நிற்கின்றன. அங்கே கல் அடுக்கியவர்களும் இன்றைக்கு எத்தனை வாளி என்று ஒரு கணக்கு வைத்திருந்திருப்பார்கள். அப்பாவின் கதையைக் கேட்ட பிறகு, அந்த வழியில் போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

கட்டும் வேலையை, முன்பு அப்பாவிடம் கையாளாக இருந்து தொழில் கற்ற ஓர் அண்ணன் ஏற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருவார். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். தரையின் நடுவில் ஓர் ஆணி, அதில் சுழலும்படி சரியாக 45 செண்டிமீட்டர் கம்பு. ஒவ்வொரு கல்லின் முகமும் அந்தக் கம்பின் நுனியைத் தொட வேண்டும். தொட்டால் கும்மட்டம் உருண்டையாக எழும்பும். அக்கா மகள் மைலோ டின்னால் அளந்து போடுவாள். மூன்று டின் மணல், மற்றவை ஒவ்வொரு டின். ஒரு நேரத்துக்கு அவ்வளவுதான். வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும் என்பதால், மொத்தமாகக் கலக்க அப்பா விடவில்லை. சுண்ணாம்பும் சிமெண்டும் தோலை அரிக்கும் என்று கையுறையும் கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் சேர்க்கவில்லை. தன் காலத்தில் அவர் எதையும் போட்டதில்லை. அவர் விரல்களைப் பார்த்தால் தெரியும்.

நான்காவது ஞாயிறு உச்சிக்கல் உட்கார்ந்தது. அதுவரை செலவானது நாலு வாளியும் கொஞ்சமும். சில்லுகள் மிச்சப்படுத்தியது அது. ஐந்தாவது வாளியை வெளிப்பக்கச் சந்துகளின் மேல் மெல்லிய பூச்சாகப் பூசச் சொன்னார். சட்டியில் மிஞ்சியது ஒரு கரண்டி. அந்த அண்ணன் சட்டியைக் கவிழ்த்துக் காட்டி, “பார்த்தீங்களாண்ணே” என்றார். அப்பா சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் முகம் ஒரு பக்கம்தான் சிரிக்கும். அன்று அது போதுமானதாக இருந்தது.

கட்டியதும் தீ மூட்டக்கூடாது. ஒரு வாரம் ஈரச்சாக்கு போர்த்தி வைத்தோம். பிறகு சிறு சுள்ளிகளில் தொடங்கி, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரம் சூடு காட்டினோம். நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேல் விரியும். உள்ளே தங்கிய ஈரம் ஒரே நாளில் கொதித்தால், 35 ஆண்டு அனுபவமும் கும்மட்டத்தைக் காப்பாற்றாது. நம் ஊர் மழையை நம்ப முடியாது என்று மேலே தகரக் கூரையும் போட்டாயிற்று. முதல் பெருந்தீயில் தலைமுடி போல இரண்டு கீறல்கள் விழுந்தன. எல்லாக் கும்மட்டத்துக்கும் விழும் என்றார் அப்பா. அதன் மேல் சூடு காக்கும் வெர்மிகுலைட் பூச்சு ஏறியதும் கீறல்கள் கண்ணுக்கு மறைந்தன.

எல்லாம் சேர்த்து அக்காவின் 4,000 ரிங்கிட்டுக்குள் முடிந்தது. மிச்சத்தில் முதல் மாவு மூட்டை வந்தது.

நீங்களும் கட்டுவதாக இருந்தால் அளவுகள் மாறலாம், வழி மாறாது. வெளிக் கோளத்திலிருந்து உள் கோளத்தைக் கழியுங்கள். வாயைக் கழியுங்கள். கல்லைக் கழியுங்கள். மிஞ்சுவது கலவை. அதை 1.3-ஆல் பெருக்கினால் உலர்பொருள். வீட்டில் பழைய கொத்தனார் ஒருவர் இருந்தால், கணக்குப் போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். போட்ட பிறகு அவரிடம் காட்டுங்கள்.

இப்போது அடுப்பில் சனிக்கிழமைதோறும் ரொட்டி வேகிறது. அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்குகிறார்கள். போன வாரம் தீபாவளிக்கான முன்பதிவு பற்றிப் பேச்சு வந்தது. ஒரு முறை சூடேற்றினால் எத்தனை ரொட்டி இறக்கலாம் என்று அக்கா அப்பாவிடம் கேட்டார். அக்கா மகள் உடனே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அடுப்புக்கு ஓடினாள். தரைப் பரப்பு, ரொட்டியின் விட்டம் என்று எண்கள் வரத் தொடங்கின. அப்பா மட்டும் பதில் சொல்லவில்லை.

“அது கல்லு கணக்கு இல்லம்மா, மாவுக் கணக்கு” என்றார். “சுட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்.”